பல்லாவரத்துக் கல்லும் புரூஸ் ஃபூட்டும்

நாம் வாழும் இக்கொல்கத்தா மாநகரில், புனித யோவான் ஆலய வளாகத்துள் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கின்றது. இந்நகரின் தொடக்க வரலாற்றோடு பெயர் பிணைந்த அவ்வணிகரின் கல்லறையை மூடியிருக்கும் கருங்கல், சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் காணப்படும் கல்லினத்தைச் சேர்ந்தது. அக்கல்லறையை எண்ணியே நிலநூலார் அவ்வினத்துக்குச் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டினர். நம் சங்க அன்பர்களுள் பலர் இதனை அறிவர். ஆயின், அதே பல்லாவரத்தில் உள்ளங்கையில் அடங்கும் மற்றொரு கல் கிடைத்து, இந்நாட்டு மாந்தரின் பழமையையே மாற்றி எழுதச் செய்த வரலாறும், அதனைக் கண்டெடுத்தவரின் உயிர் இந்நகரிலேயே பிரிந்த செய்தியும் அத்துணைப் பரவலாக அறியப்பட்டவை அல்ல.

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, 1858 ஆம் ஆண்டின் இறுதியில், இருபத்து நான்காம் வயதில் சென்னை வந்து இறங்கினார். துறையின் தலைமையகம் அன்றும் இந்நகரில்தான் இருந்தது. அவருடைய பணிக்களமோ தென்னாடு. பாறைகளின் இனம், படுகைகளின் கிடப்பு, கனிகள் கிடைக்கும் இடம் ஆகியவற்றைக் கண்டு நிலப்படம் வரைதலே அவர்க்கு இட்ட பணி. பழைய மாந்தரைத் தேடுமாறு அவரை எவரும் ஏவவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிரான்சு நாட்டு அப்வில் நகரில் சுங்க அலுவலராயிருந்த பூஷே த பெர்த் என்பார், ஆற்றுச் சரளைப் படுகைகளில் அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கற்கோடரிகள் கிடப்பதைக் கண்டு எழுதினார். பல்லாண்டுகள் அறிஞர் அவரை நம்பவில்லை. 1859 இல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் இருவர் நேரில் சென்று பார்த்து ஒப்பிய பின்னரே உலகம் செவி சாய்த்தது. அந்த வெற்றிக்கும் விரைவில் ஒரு மாசு நேர்ந்தது. கோடரிக்குக் காசு கிடைக்கும் என்று கண்ட கூலியாட்கள் சிலர் தாமே கல்லை உடைத்து, பழையன என்று விற்கத் தொடங்கினர். 1863 ஆம் ஆண்டு வேனிலில் இவ்வழக்கு ஆய்வுக் குழு கூடி விசாரிக்கும் அளவுக்கு முற்றியது. எனவே, விந்தையான வடிவுடைய கல்லைக் காண்போர் முன் அன்று மூன்று வினாக்கள் நின்றன: இயற்கை செய்ததா, பண்டை மனிதன் செய்ததா, நேற்றைய ஏமாற்றுக்காரன் செய்ததா?

அதே 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள், பல்லாவரத்துப் படைப் பயிற்சித் திடலின் அருகே சரளை எடுக்கத் தோண்டிய ஒரு சிறு குழியின் கரையில், வெளியே கொட்டிய குவியலிலிருந்து ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். குவார்ட்சைட் எனப்படும் கடினமான கல் அது.

அதனை மனிதன் செய்தான் என்று எங்ஙனம் துணிவது? இங்கே சற்று நின்று பார்ப்போம். வெயிலிலும் தீயிலும் வெடித்த கல், விரிசல் போன போக்கில் பிளக்கும். அதில் அடி விழுந்த புள்ளி இராது. கையால் ஓங்கி அடித்து உடைத்த கல்லில், அடி விழுந்த இடத்தை ஒட்டிச் சில்லின் உட்புறம் சிறு குமிழ் போலப் புடைத்திருக்கும். அங்கிருந்து சிப்பியின் வரிகளைப் போல அலைகள் விரியும். சில்லு பெயர்ந்த தாய்க்கல்லில் அதற்கேற்ற பள்ளம் தங்கும். ஆனால் இஃது ஒன்றே போதாது. வெள்ளத்தில் உருளும் கற்களும் மோதிச் சில்லு தெறிப்பதுண்டு; ஒன்றிரண்டு வடுக்களைக் கண்டு கோடரி என்று கூவியவர் பலர் பின்னர் நாணியதும் உண்டு. ஆற்றின் மோதலுக்கு நோக்கம் இல்லை. கண்ட இடத்தில் அடிக்கும், முனைகளை மழுக்கும். மனிதனோ ஒரு முகத்தில் சில்லெடுத்து, கல்லைத் திருப்பி, மறு முகத்திலும் எடுக்கிறான். வடுக்கள் விளிம்பை ஒட்டி வரிசையாக அமைகின்றன. கூர் ஒரு பக்கமும் பிடி மறுபக்கமுமாக வடிவம் தோன்றுகின்றது. போலியைப் பிரிக்க வேறு ஒரு குறி உண்டு: பழங்கல்லில் அடி வடுக்களின் மீதும் நெடுங்காலக் கறையும் தேய்வும் படிந்திருக்கும், புதிதாய் உடைத்ததில் அவ்விடம் மட்டும் வெளிறி நிற்கும்.

இவையெல்லாம் பொருந்தினும் பல்லாவரத்துக் கல்லுக்கு ஒரு குறை இருந்தது. குவியலில் கிடந்த பொருள், எந்தப் படுகையிலிருந்து வந்தது என்று தானே சொல்லாது. அக்குறையைத் தீர்த்தது அத்திரம்பாக்கம். அதே ஆண்டு செப்டம்பர் 28 ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பாரோடு கொசத்தலை ஆற்றுப் பகுதிக்குச் சென்ற ஃபூட், அவ்வூரின் ஓடைக்கரையில், கலையாத செம்புரைச் சரளைப் படுகையிலேயே கற்கருவிகள் பொதிந்திருக்கக் கண்டார். ஒன்றன்று, பல. பல்லாவரத்துக் கல் இனித் தனித்த விந்தையாக இல்லை. கண்டவற்றை 1866 இல் சென்னை இதழொன்றில் விரிவாக எழுதி வெளியிட்டார். அச்சரளை கடலில் படிந்தது என அவர் அன்று கருதியது பின்வந்த ஆய்வில் நிலைக்கவில்லை. கருவிகள் மனிதன் செய்தவை என்ற தீர்ப்போ இன்றளவும் அசையவில்லை.

அவருடைய மாமனார், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்ட பெர்சிவல் பாதிரியார். ஆறுமுக நாவலரைத் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவரும் அவரே.

பல்லாரிப் பகுதியில் சாம்பல் மேடுகள் பல உள்ளன. அவை எரிமலைக் கழிவு என்று கருதினோர் உண்டு. ஹம்பியை அடுத்த நிம்பாபுரத்து மேட்டை வாலியின் உடலை எரித்த சாம்பல் என்பர் அவ்வூரார். மாட்டுச் சாணம் குவிந்து எரிந்ததால் ஆனவை அவை என்றும், புதிய கற்காலத்து ஆயர் விட்டுச் சென்ற தடம் என்றும் ஃபூட் கண்டார். இவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகும் வேளையில், 1960 ஐ ஒட்டி நடந்த சோதனைகளும் அகழ்வும் அதனை உறுதி செய்தன. கல்லைப் போலவே சாம்பலிலும் இயற்கையையும் மனிதனையும் பிரித்தறிய வல்லவர் இவர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் அறியோம்.

1891 இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் அரசுகளுக்காகச் சிறிது காலம் உழைத்தார். இறுதியில் ஏற்காட்டில் குடியேறினார். அம்மலைவாழ் மக்கள் நிலத்தில் கிடைத்த வழவழப்பான கற்கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துப் போற்றி வந்தனர். இயற்கைப் பொருளா செயற்கைப் பொருளா என்று ஐரோப்பா வழக்காடிய கல், சேர்வராயன் மலையில் தெய்வத்தின் முன் அமர்ந்திருந்தது.

நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் நாற்பதாண்டுகளாகச் சேர்த்த தொகுதி 1904 இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த இடம் குறித்து அவரே எழுதிய பட்டியல் 1914 இலும், அதன் விளக்க நூல் 1916 இலும் வெளிவந்தன. இரண்டையும் அச்சில் காண அவர் இல்லை. 1912 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், இக்கல்கத்தா நகரில் அவர் மறைந்தார். நினைவுக்கல் ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் உள்ளது. அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் மீண்டும் அகழ்ந்த அறிஞர் குழு, அங்குள்ள பழங்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையின என்று 2011 இல் அறிவித்தது.