பனிமலை ஓவியர் ரோரிக்

மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையே பனியென்று அறிந்து வளர்ந்தவர்கள் நாம். மலையை மூடிக் கிடக்கும் பனியை மைசூரிலேயே காணலாம். ஜகன்மோகன் அரண்மனையின் கலைத்தொகுப்பில், இரவிவர்மாவின் ஓவியங்களோடு நிக்கோலஸ் ரோரிக்கின் ஓவியங்களும் இடம்பெற்றுள்ளன.

ரோரிக் 1874-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் சட்டத்துறையைச் சார்ந்தவர். மகனும் சட்டம் பயில வேண்டுமென விரும்பினார். மகனின் நெஞ்சமோ ஓவியத்தை நாடியது. 1893-இல் பல்கலைக்கழகத்தில் சட்டமும் கலைக்கழகத்தில் ஓவியமும் ஒருசேரப் பயிலத் தொடங்கினார். தந்தையின் சொல்லையும் தட்டவில்லை. தம் விருப்பத்தையும் கைவிடவில்லை. நண்பர்களே, பெற்றோர் காட்டிய துறைக்கும் மனம் நாடும் துறைக்கும் நடுவே நிற்கும் நம்மில் பலருக்கு இது புதிய கதையா?

1903, 1904-ஆம் ஆண்டுகளில் மனைவி ஹெலினாவுடன் ரஷ்யாவின் பழம்பதிகளைச் சுற்றி, சிதைந்துவந்த கோயில்களையும் கோட்டைகளையும் தீட்டினார். அவற்றைக் காக்க வேண்டுமென்ற கவலை அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1925-இல் நடு ஆசியப் பயணம் மேற்கொண்டார். 1927-இன் இறுதியில் திபெத்தியப் பீடபூமியில் அதிகாரிகள் அவரைத் தடுத்து நிறுத்தினர். ஏறத்தாழ ஐந்து திங்கள், கோடைக்கேற்ற கூடாரங்களில் கொடும் பனிக்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. உடன் வந்தோர் சிலர் மாண்டனர். சுமை விலங்குகளில் பெரும்பகுதி மடிந்தன.

அத்துணைத் துன்பம் தந்த பனியை அவர் வெறுத்தாரா? இல்லை. 1928-இல் குலு பள்ளத்தாக்கின் நக்கரில் குடியேறி, இமயத்தையே மீண்டும் மீண்டும் தீட்டினார். அவர் பனி வெறும் வெள்ளையன்று. நிழல் விழுந்த இடமெல்லாம் நீலம். கதிரொளி நேரே படாத பனியில் வானின் சிதறொளியே படுகிறது என்பதை அறிவியல் மாணவர் அறிவர். ஓவியர் அதைக் கண்ணால் கண்டு தீட்டினார். ஓங்கிய சிகரங்களின் அடியில் சிறியதொரு மடாலயம், அதனினும் சிறிய மனித உருவம். மலை எவ்வளவு பெரிதாயினும் அந்த மனிதன் மறைந்துவிடுவதில்லை.

கட்டடங்களைப் பற்றிய பழைய கவலையும் கனிந்தது. போரிலும் கலைச்செல்வங்களையும் கல்வி நிலையங்களையும் காக்கும் ரோரிக் உடன்படிக்கையில், 1935 ஏப்ரல் 15 அன்று அமெரிக்கக் கண்டங்களின் 21 நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்திட்டன. நான்கே ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. எண்ணற்ற நகரங்கள் தரைமட்டமாயின. எனினும் அவர் விதைத்த எண்ணம் அழியவில்லை. 1954-இல் ஹேக் நகரில் உருவான உலக உடன்படிக்கை அதன் வழியே வந்தது.

அதைக் காண அவர் இல்லை. 1947 டிசம்பர் 13 அன்று நக்கரில் மறைந்தார். மைசூரில் பயிலும் நாம், ஒருநாளேனும் அவர் பனிமலைகளின் முன் சற்று நிற்போமாக!