ஹாப்கின் பெருமகனார்

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் மலைப்பாதையில் நடுவட்டம் என்னும் சிற்றூர் உளது. 1860-களில் அவ்வூர்ச் சாரல்களில் சின்கோனா மரங்கள் பயிராயின. அவற்றின் பட்டையினின்று எடுத்த கொயினா மலேரியாக் காய்ச்சலினின்று பலரைக் காத்தது. நோய்க்கு மருந்தை மரத்தில் தேடுதல் ஒரு வழி. நம் உடலினுள்ளேயே உறையும் காவற்படையைப் பழக்கி நோயை வாராமற் செய்தல் மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியை வாந்திபேதிக்கும் பிளேக்கிற்கும் எதிராக நம் நாட்டில் நிலைநாட்டிய வால்டெமார் ஹாப்கினின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1860-ம் ஆண்டில், ருஷியப் பேரரசைச் சார்ந்த ஒடெஸ்ஸா நகரில், யூதக் குடும்பத்திற் பிறந்தார். அந்நகர்ச் சர்வகலாசாலையில் மெச்னிகாப் என்பாரிடம் பயின்றார். உடலுட் புகும் கிருமிகளைச் சில அணுக்கள் விழுங்கி அழிக்கின்றன என்று உலகிற்குக் காட்டியவர் அவ்வாசிரியரே. மதம் மாறினாலன்றி உயர்பதவி கிட்டாதென்ற நிலை வந்தபோதும் ஹாப்கின் அதற்கு இணங்கினாரல்லர். தாயகம் துறந்து, 1889-ல் பாரிஸ் பாஸ்டியர் நிலையத்தில் நூலக உதவியாளராய் அமர்ந்தார்.

ஆங்கு வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்தார். கினிப்பன்றி என்னும் சிறு பிராணியின் வயிற்றறையில் அக்கிருமியைச் செலுத்துவார். அவ்வறையில் ஊறும் நீரே கிருமிகளும் அணுக்களும் பொரும் போர்க்களம். போரில் எஞ்சிய கிருமிகளை அந்நீரோடு எடுத்து அடுத்த பிராணிக்குச் செலுத்துவார். இங்ஙனம் பலமுறை செய்யவே கிருமியின் வீரியம் பன்மடங்கு பெருகிற்று. மெலிவித்த கிருமியை முதலிலும், வீரியமுடையதைப் பின்னரும் ஊசியாற் குத்தும் முறையை வகுத்து, 1892 ஜூலை 18-ல் தம் உடலிலேயே அதனைச் சோதித்தார். பிறர்க்கு அளிப்பதன்முன் தாம் ஏற்ற இச்செயலை நாம் வியவாதிருத்தல் இயலாது.

1893-ல் கல்கத்தா வந்து, இரண்டாண்டிற்கு மேல் ஊர்தோறும் சுற்றி 40,000-க்கு மேற்பட்டோர்க்கு ஊசி குத்தினார். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது, கிராண்டு மருத்துவக் கல்லூரியில் அந்நோய்க்கும் தடுப்பு மருந்து ஆக்கி, 1897 ஜனவரி 10-ல் மீண்டும் முதலிற் குத்திக்கொண்டவர் தாமே.

புகழின் உச்சியில் பெருந்துயர் வந்து சூழ்ந்தது. 1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் ரணஜன்னி கண்டு மாண்டனர். அப்பத்தொன்பதின்மரும் ஒரே புட்டியினின்று மருந்து பெற்றோர், ஏனையோர்க்குத் தீங்கில்லை. எனினும், கார்பாலிக் அமிலம் சேராமற் செய்த ஹாப்கினின் முறையே காரணமென்று பழி சுமத்தி, அவரைப் பதவியினின்று நிறுத்தினர். அப்புட்டியைத் திறந்தபோது இடுக்கி தரையில் விழுந்ததும், அதனைச் செவ்வையாய்ச் சுத்தி செய்யாமற் கையாண்டதும் பின்னர்த் தெளிவாயின. 1897-ல் நீலகிரிச் சீகூரில் மலேரியாவை ஆராயப் புகுந்து தாமே அந்நோயுற்ற ரானல்டு ராஸ் முதலிய அறிஞர், 1907-ல் ஹாப்கினுக்காக வெளிப்பட வாதாடினர். அவ்வாண்டிலேயே பழி நீங்கிற்று. ஆயினும் வன்மையுற்றிருந்த ஐந்தாண்டுகளை அவர்க்கு மீட்டளிப்பார் யாவர்? பழித்த நாட்டிற்கே அவர் மீண்டு வந்து பணியாற்றினார். 1925-ல் பம்பாய் ஆராய்ச்சிசாலை அவர் பெயரைப் பெற்றது. 1930-ல் லோசான் நகரில் உயிர் நீத்தார்.

இன்று, ஈரல் இறுகி மகோதரமுற்றார் வயிற்று நீரை மருத்துவர் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை எண்ணுகின்றனர். கிருமியை விழுங்கும் வகை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் 250-ம் அதற்கு மேலும் இருப்பின், கிருமி கண்ணிற் படாவிடினும், அது புகுந்ததென்று கொண்டு தாழாது மருந்தளிக்கின்றனர். ஹாப்கின் சிறு பிராணியிற் கண்ட போரே நோயாளி வயிற்றிலும் நிகழ்கின்றது. சான்றைப் பொறுமையுடன் எண்ணிப் பார்த்தலால் அங்கு ஓருயிர் பிழைக்கின்றது. எண்ணாது விரைந்தமையால் முல்கோவாலில் ஒரு நல்லார் பழியுற்றார். மாணவராகிய நாம் இவ்விரண்டையும் மறவாதிருப்போமாக.