முத்துக்கரையின் தமிழ்த்தொண்டர்

தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியிலிருந்து தெற்கே திருச்செந்தூர் வரை நீளும் கடற்கரை, பல சமயத்தாரும் அருகருகே வாழும் நிலமாகும். தூத்துக்குடியின் பனிமய மாதா பேராலயமும், காயல்பட்டினத்தின் பழம் பள்ளிவாசல்களும், திருச்செந்தூர் முருகன் கோயிலும் இக்கரையின் அடையாளங்கள். பிறந்த இனத்திற்கும் ஏற்ற சமயத்திற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டு, இக்கரையில் தமிழ்ப்பணி ஆற்றியவர் அண்டிரிக் அடிகளார்.

போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் 1520ஆம் ஆண்டு பிறந்த இவரது இயற்பெயர் என்றிக்கே என்றிக்கஸ். இவர்தம் முன்னோர் யூதராயிருந்து கிறித்தவம் தழுவியோர். அந்நாட்டில் அத்தகையோரைப் புதுக்கிறித்தவர் எனப் பிரித்துக் கண்டனர். சமயம் ஒன்றேயாயினும் குருதி வேறு எனக் கருதப்பட்டது. பிரான்சிஸ்கன் துறவற சபையில் சேர்ந்த இவர், யூத மரபினர் என்பதற்காகவே அதைவிட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் 1545இல் இயேசு சபை இவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு இந்தியா வந்த அடிகளார், 1547இல் முத்துக்குளித்துறையை அடைந்தார்.

இங்கே அவர் கண்ட நிலை வேறு. முத்துக்குளிக்கும் உரிமை பற்றி எழுந்த பூசலில் போர்ச்சுகீசியரின் துணையை நாடிய பரதவர், 1530களில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஓர் இனமே கூடி எடுத்த முடிவு அது. சமயம் மாறிய பின்னும் அவர்தம் சாதித்தலைவர் முறையும் கடல்தொழிலும் நிலைத்தன. ஆயினும், ஏற்றுக்கொண்ட சமயத்தின் கருத்துகள் அம்மக்களின் மொழியில் போதிய அளவு சென்று சேரவில்லை.

இக்குறையை உணர்ந்த அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்றார். பிற ஐரோப்பியரும் தமிழ் கற்கும்பொருட்டுப் போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். புன்னைக்காயலில் மருத்துவமனை நிறுவினார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், இவர் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட இச்சிறுநூல், இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளால் இந்நாட்டில் அச்சிடப்பெற்ற முதல் நூல் என்னும் பெருமைக்குரியது. 1579இல் ‘கிரீசித்தியானி வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’ ஆகிய நூல்களும் வெளிவந்தன.

அடிகளாரின் முதுமையில், 1593இல், அவரை ஏற்ற இயேசு சபையே யூத மரபினரை இனிச் சேர்ப்பதில்லை என விதி வகுத்தது. 1946ஆம் ஆண்டில்தான் அவ்விதி முற்றிலும் நீக்கப்பட்டது. அவ்விதி முன்னரே இருந்திருப்பின், அண்டிரிக் அடிகளார் இக்கரைக்கு வந்திருக்க இயலாது; தமிழ் அச்சு வரலாற்றின் முதற்பக்கமும் வேறாகியிருக்கும்.

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நிலத்தில் உழைத்த அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் மறைந்தார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. பிறந்த மண்ணில் மரபு காட்டி விலக்கப்பட்ட அவரை, முத்துக்கரை மக்கள் தம்முள் ஒருவராகவே ஏற்றனர்.