ஓனொரே தோமியே

ஓனொரே தோமியே (பெப்ரவரி 26, 1808 – பெப்ரவரி 10, 1879) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கேலிச்சித்திரக் கலைஞரும், ஓவியரும், சிற்பியும் ஆவார். அரசியல் கேலிச்சித்திரக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் படங்களை வரைந்துள்ளார்.

வாழ்க்கைக் குறிப்பு

தோமியே மர்சேய் நகரில் பிறந்தார். இவரது தந்தை கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. கவிதை எழுதும் ஆர்வத்தால் பாரிசில் குடியேறினார். வறுமை காரணமாகச் சிறு வயதிலேயே வேலைக்குச் சென்ற தோமியே, பின்னர் கல்லச்சுக் கலையைக் கற்றார். சார்லசு பிலிப்போன் நடத்திய லா கரிக்கத்தூர், லெ சரிவாரி ஆகிய இதழ்களில் இவரது படங்கள் வெளிவந்தன.

சிறைவாசம்

1831 இல் வரைந்த கார்கந்துவா என்னும் படத்தில், மன்னர் லூயி பிலிப்பை மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் அரக்கனாகச் சித்தரித்தார். இதற்காக 6 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1832 இல் சிறையில் அடைக்கப்பட்டார்.

திரான்சுனொனேன் தெரு

1834 ஏப்ரலில் பாரிசில் எழுந்த கிளர்ச்சியின்போது, திரான்சுனொனேன் தெருவிலுள்ள ஒரு வீட்டிற்குள் புகுந்த படையினர் அங்கு வசித்தோரைக் கொன்றனர். இரவு உடையுடன் கட்டிலருகே இறந்து கிடக்கும் ஒருவரையும், அவர் உடலின் கீழ் கிடக்கும் குழந்தையையும் தோமியே வரைந்தார். இப்படத்தில் நகைச்சுவை சிறிதும் இல்லை. பத்திரிகைகள் மீதான அபராதங்களைச் செலுத்த நிதி திரட்டும் வெளியீடு ஒன்றில் இது இடம்பெற்றது. அரசு அச்சுக்கல்லையும் படிகளையும் கைப்பற்றியதால், எஞ்சிய படிகள் அரிதானவை.

தணிக்கை

1835 செப்டம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, படங்களை வெளியிட அரசின் முன் அனுமதி கட்டாயமானது. எழுத்துக்கு இந்த நிபந்தனை இல்லை. படிக்கத் தெரியாதவரையும் படம் சென்றடையும் என்பதே ஆட்சியாளர்களின் அச்சமாக இருந்தது. அதன்பின் தோமியே வழக்கறிஞர்கள், நீதிபதிகள், நடுத்தர வகுப்பினர் ஆகியோரை நையாண்டி செய்தார். 1848 புரட்சிக்குப் பின் மீண்டும் அரசியலுக்குத் திரும்பி, லூயி நெப்போலியனின் ஆதரவாளர்களைக் குறிக்கும் ரத்தாபுவால் என்னும் பாத்திரத்தை உருவாக்கினார்.

இறுதிக்காலம்

முதுமையில் பார்வை மங்கி வறுமையுற்ற இவருக்கு ஓவியர் கொரோ உதவினார். 1878 இல் பாரிசில் இவரது ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. எழுத்தாளர் விக்டர் ஹியூகோ அதன் மதிப்புறு தலைவராக இருந்தார். அடுத்த ஆண்டு தோமியே வல்மொந்துவா என்னும் ஊரில் காலமானார். வாழ்நாளில் பெரிதும் அறியப்படாத இவரது வண்ண ஓவியங்கள் இன்று புகழ்பெற்ற அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றுள் மூன்றாம் வகுப்புத் தொடர்வண்டிப் பெட்டி குறிப்பிடத்தக்கது.