சேர் சாமுவேல் பேக்கரும் அவர்தம் துவக்குகளும்

தெல்லிப்பழையிலிருந்து கண்டி வீதியாற் பிரயாணஞ் செய்யும் நாம் ஆனையிறவைப் பலமுறை கடந்திருக்கின்றோம். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஒல்லாந்தர் காலத்தில் அவ்வழியே குடாநாட்டுக்குக் கொணரப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. யானையை விலை பேசிய இந்நாட்டிலே, பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், இறந்த யானையின் வாலுக்கு விலை வைத்த காலமும் வந்தது. அக்காலத்தில் இலங்கையில் வாழ்ந்து, துவக்கினாலும் எழுத்தினாலும் உலகப் புகழ் பெற்ற ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கிக் கூறுவோம். கொல்லாமையை அறமெனக் கற்பிக்கும் கல்லூரியின் மலரிலே வேட்டைக்காரர் ஒருவர் சரிதம் எதற்கு என்று வினவுவார்க்கு விடை இறுதியிற் கிடைக்கும்.

சாமுவேல் வைற் பேக்கர் 1821-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆந் தேதி இலண்டனிற் பிறந்தார். அவர் குடும்பத்தார்க்கு யமேக்காவிலும் மொறீசியசிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. மொறீசியசிற் சில காலம் வாழ்ந்தபின் 1846-இல் இலங்கை சேர்ந்தார். 1848-இல் ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில், இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் வருவித்து ஒரு குடியேற்றத்தை நிறுவினார். காடு வெட்டித் திருத்திய அவ்வுழைப்பு ஒருபுறமிருக்க, அவர் உள்ளம் வேட்டையிலேயே ஊன்றியிருந்தது.

அக்காலத் துவக்குகளெல்லாம் நம்மவர் இடியன் என்று சொல்லும் வகையின. குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு இடித்து நிரப்பவேண்டும். ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைகள் வார்க்கலாமோ அத்தொகையே குழலின் இலக்கமாயிற்று. பத்தாம் இலக்கத் துவக்குக்கு ஓர் இறாத்தலிற் பத்துக் குண்டு. இருபத்து நான்காம் இலக்கத்துக்கு இருபத்து நான்கு. ஆதலின் ஒவ்வொரு துவக்குடனும் அதற்குரிய வார்ப்பச்சும் செல்லவேண்டும். அச்சுத் தொலைந்தாற் துவக்கு வெறும் இரும்புத் தடியே.

பேக்கர் 1840-ஆம் ஆண்டிலேயே பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரைக் கொண்டு 21 இறாத்தல் நிறையுள்ள பெருந்துவக்கு ஒன்றைச் செய்வித்திருந்தார். அதன் ஒரு வெடிக்கு 16 திராம், அதாவது முழுதாக ஓர் அவுன்ஸ், மருந்து வேண்டும். இலங்கையில் அதனோடு 16 இறாத்தல் நிறையுள்ள இன்னொன்றையும், பத்தாம் இலக்கத்து இரட்டைக் குழல் றைபிள்கள் நான்கினையும் வைத்திருந்தார். யானையின் மண்டையோட்டிற் பட்டு நசுங்காதிருக்கும்பொருட்டு ஈயத்தைக் கடினமாக்கி வார்ப்பது வழக்கம். மழைக்காட்டிலே மருந்து நனையாது காப்பது மற்றொரு தொல்லை. மலைநாட்டு மரைகளை வேட்டையாடுகையில் இத்தொல்லைகளை விடுத்து, நாய்களும் கத்தியுமாகவே அவர் சென்றார்.

அரசாங்கம் அப்போது யானை வாலொன்றுக்குப் பத்துச் சிலிங் வெகுமதி கொடுத்தது. பின்னர் அது சில பகுதிகளில் ஏழாகக் குறைக்கப்பட்டது. 1848-க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500-க்கு மேற்பட்ட யானைகளுக்கு வெகுமதி பெறப்பட்டதாக எமேர்சன் தெனந்து எழுதியிருக்கின்றார். நமது வன்னியிலே நிகழ்ந்த இவ்வழிவை நாம் மறத்தலாகாது.

1855-இல் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே மனைவியை இழந்தார். பின்னர், விடின் நகர அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட புளோரன்ஸ் என்னும் மங்கையைத் துணையாகக் கொண்டு 1861-இல் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார். அப்பயணத்துக்கென, முன்னர் சென்னை மாகாணத்திற் கடமையாற்றிய ஒஸ்வெல் என்னும் நண்பர் தமது பத்தாம் இலக்கத்துப் பேர்டி துவக்கை இரவலாகக் கொடுத்தார். வரியில்லாத வழுவழுப்பான குழலாதலின் அதிற் பறவைக்குச் சன்னமும் இடலாம். பெருவிலங்குக்குக் குண்டும் இடலாம். அரை இறாத்தல் வெடிகுண்டு எறியும் மற்றொரு துவக்கும் அவரிடம் இருந்தது. குழந்தை என்று பெயரிட்ட அதன் உதைப்புக்கு, மலைபோன்ற உடலுடைய அவரே அஞ்சினார். 1864-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆந் தேதி அல்பேட் ஏரியைக் கண்டார். 1869 முதல் 1873 வரை எகிப்திய அதிபதியின் பணியில் நின்று, மேல் நைல் நாட்டில் அடிமை வாணிகத்தை ஒடுக்க முயன்றார்.

ஒரே துவக்கிற் சன்னமும் குண்டும் செம்மையாய்ச் செல்ல வேண்டுமென்பது வேட்டைக்காரரின் நெடுநாள் விருப்பம். முழுக் குழலிலும் புரிவரி வெட்டினாற் சன்னம் சிதறும். வெட்டாவிடிற் குண்டு குறி தவறும். ஜேர்மானியர் சன்னத்துக்கும் குண்டுக்கும் வெவ்வேறு குழல்களை ஒன்றாகப் பிணைத்தனர். இந்தியாவிற் படைத்தொழில் புரிந்த பொஸ்பெரி என்பவரோ, குழலின் நுனியில் மாத்திரம் புரிவரி வெட்டும் முறையை 1885-இற் காப்புரிமை செய்தார். ஹொலண்ட் நிறுவனத்தார் அதனைப் பரடொக்ஸ் என்னும் பெயரால் விற்றனர். முதுமையெய்திய பேக்கர் 1890-இல் வெளியிட்ட விலங்கு நூலில் அதனைச் சிறப்பித்துள்ளார். 1893-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆந் தேதி டெவன் நாட்டிலே காலமானார்.

அத்தகைய பழந்துவக்கைப் பாட்டன் சொத்தாகப் பெற்றவர் இன்றும் தோட்டாவுக்கு அலைகின்றார். மருந்தறையின் அளவை வார்த்தெடுத்துப் பார்க்கவேண்டும். பொருந்தும் அச்சைத் தேடவேண்டும். கருமருந்துக்கெனச் செய்த குழலிற் புகையிலா மருந்தின் தோட்டாவை இட்டாற் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். இலங்கையிலோ 1916-ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரமும் வேண்டும். கருவியை உடைமையாக்குதல் எளிது. அதற்கு இரை தேடுதல் அரிது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பேக்கர் மருந்தைத் திராமாகவும் ஈயத்தை அவுன்சாகவும் நிறுத்துப் பார்த்தவர். எடுத்த கருமத்தின் சிறு உறுப்பையும் தாமே ஆராய்ந்தவர். அந்நுணுக்கமும் தளரா முயற்சியும் எம் மாணவர்க்கு வேண்டற்பாலன. ஆயின் அத்தராசிலே அவர் உயிரை நிறுத்துப் பார்க்கவில்லை. வெகுமதி கொடுத்த அரசும் பார்க்கவில்லை. 1937-ஆம் ஆண்டிலே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வருமுன் எத்தனையோ மந்தைகள் மாண்டொழிந்தன. திறமையை அவரிடமிருந்து கொள்வோம். அருளை நம் முன்னோரிடமிருந்து கொள்வோம். இரண்டும் ஒருவரிடத்தே சேர்தல் வேண்டுமென்பதே நாம் இவ்வரலாற்றை எழுதியதன் நோக்கம்.