ஸாண்டினோவின் சரித்திரம்

உடன்பிறந்தார் சண்டையிடும் வீட்டிலே அயலான் நாட்டாண்மை செய்ய வருவது உலக வழக்கம். முதலில் அவன் சமாதானம் செய்து வைப்பதாகச் சொல்லி வருவான். பின்னர் கணக்குப் பெட்டியின் சாவியைக் கேட்பான். முடிவில் வாயிற்காவலும் அவனுடைய ஆட்களின் வசமாகிவிடும். அவ்வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் ஒரு நாள் தடியை எடுத்துக் கொண்டு காட்டிற்குள் புகுந்தால், அவனைத் துஷ்டனென்றும் கலகக்காரனென்றும் ஊரார் சொல்லுவர். அவன் பிறவியிலேயே துஷ்டனா, அவ்வாறு ஆக்கப்பட்டானா என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இக்கேள்விக்கு விடை தரக்கூடிய சரித்திரங்களுள், மத்திய அமெரிக்காவிலுள்ள நிகராகுவா தேசத்து அகுஸ்தோ ஸாண்டினோவின் சரித்திரம் முக்கியமானது. ராஜீய விஷயங்களில் சிரத்தையுள்ள நம் நேயர்கள் அதை நன்கு அறிந்திருத்தல் அவசியமென்று கருதி இங்கே எழுதுகிறோம்.

ஸாண்டினோ 1895-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி நிக்கினோஹோமோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை நிலபுலன்களுடைய கனவான். தாயோ அவருடைய தோட்டத்தில் கூலி வேலை செய்த ஆதிக்குடிப் பெண். இருவருக்கும் விவாகம் நடக்கவில்லை. ஆதலால் பிள்ளை தாயின் குடிசையிலே வறுமையில் வளர்ந்தது. சிறு கடனொன்றிற்காகத் தாய் சிறையிலிடப்பட்டபோது தாமும் அவளுடன் சிறையிலிருந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு தந்தை அவரைத் தம் வீட்டில் சேர்த்துக் கொண்டார். ஒரே ஊரில் இரு வேறு உலகங்கள் உண்டென்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவேண்டியிருக்கவில்லை.

அக்காலத்தில் நிகராகுவாவை லிபரல் கட்சி, கன்ஸர்வேடிவ் கட்சி என்ற இரண்டு கட்சிகள் பங்கிட்டுக் கொண்டு நாசஞ் செய்து வந்தன. இரண்டிற்கும் தலைவர்கள் பெருநிலக்காரர்கள். இரண்டிற்காகவும் மடிந்தவர்கள் ஏழைக் குடியானவர்கள். 1909-ம் வருஷத்தில் லிபரல் ஜனாதிபதி ஸெலாயாவுக்கு விரோதமாகக் கலகம் மூண்டபோது ஐக்கிய அமெரிக்க சர்க்கார் கலகக்காரர் பக்கம் நின்றது. ஸெலாயா பதவியைத் துறந்து வெளியேறினார். சில காலத்திற்குள், அமெரிக்கச் சுரங்கக் கம்பெனியொன்றில் உத்தியோகம் பார்த்த அடோல்போ டியாஸ் என்பவர் ஜனாதிபதியானார். சுங்க வரி வசூல் அமெரிக்க அதிகாரியின் கைக்குப் போயிற்று. தேசீய பாங்கியும் ரெயில்வேயும் நியூயார்க் லேவாதேவிக்காரர்களின் ஆளுகைக்குள் வந்தன. 1912-ல் இந்த ஏற்பாட்டை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, 2,000-த்துக்கு மேற்பட்ட அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் கரையிறங்கினார்கள். கிளர்ச்சித் தலைவர் பெஞ்சமின் ஸெலெடோன் அக்டோபர் மாதம் 4-ந் தேதி கொல்லப்பட்டார். அவருடைய சடலம் நிக்கினோஹோமோ வழியாகக் கொண்டு செல்லப்பட்டதைப் பார்த்தவர்களுள் பதினேழு வயது ஸாண்டினோவும் ஒருவர்.

எனினும் அன்றே அவர் துப்பாக்கி ஏந்திவிடவில்லை. தானிய வியாபாரம் செய்து கொண்டு அமைதியாகவே வாழ்ந்தார். 1921-ல் ஒரு சொந்த விரோதத்தில் ஒருவரைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு ஊரைவிட்டு ஓடினார். இது தேசபக்திக்காக நேர்ந்த அஞ்ஞாதவாசமன்று. அவரைக் கொண்டாடுபவர்கள் இதை மறைக்க வேண்டுவதுமில்லை. ஹொண்டுராஸ் தேசத்தில் கரும்பாலையிலும், குவாதமாலாவில் வாழைத் தோட்டக் கம்பெனியிலும், மெக்ஸிகோவில் எண்ணெய்க் கிணறுகளிலும் அவர் வேலை பார்த்தார். மெக்ஸிகோ அப்பொழுது ஒரு பெரும் புரட்சியைக் கடந்து வந்திருந்தது. தொழிலாளர் சங்கம், நிலப் பங்கீடு, ஏகாதிபத்திய எதிர்ப்பு என்ற பேச்சுக்களை அவர் அங்கேதான் கேட்டார்.

நிகராகுவாவிலிருந்த அமெரிக்கக் காவற்படை 1925 ஆகஸ்டில் வெளியேறிற்று. அது போய் மூன்று மாதங்கூட ஆகவில்லை. அக்டோபரில் கன்ஸர்வேடிவ் தலைவர் எமிலியானோ சமோரோ பலாத்காரமாக அதிகாரத்தைக் கைப்பற்றினார். பதின்மூன்று வருஷங்களாகக் காவலிருந்த அந்நியப் படை அத்தேசத்தில் எவ்வித ஒழுங்கையும் ஊன்றச் செய்யவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 1926-ல் உபஜனாதிபதி ஸகாஸாவின் உரிமைக்காக லிபரல்கள் போர் தொடங்கினார்கள். ஸாண்டினோ ஊர் திரும்பி, ஸான் அல்பினோ என்னுமிடத்தில் அமெரிக்கருக்குச் சொந்தமான தங்கச் சுரங்கத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்குள்ள தொழிலாளர்களைச் சேர்த்து, தம் கைப்பணத்தில் ஆயுதம் வாங்கி, நவம்பர் மாதத்தில் முதற் சண்டையிட்டுத் தோற்றார். பின்பு கீழ்க்கரையில் அமெரிக்கர்கள் லிபரல்களின் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தபோது, அவ்வூர் விலைமாதர்களின் உதவியால் சில துப்பாக்கிகளை மீட்டுக் கொண்டு மலைநாடு திரும்பினார். கனவான்கள் கைவிட்ட கட்சியை, கனவான்கள் முகங்கொடுத்தும் பேசாத பெண்கள் காப்பாற்றினார்கள்.

இதற்கிடையில் டியாஸ் மறுபடியும் ஜனாதிபதியாக்கப்பட்டார். லிபரல்களுக்கு மெக்ஸிகோ உதவி செய்வதைக் கண்ட அமெரிக்க மந்திரிகள், மத்திய அமெரிக்காவில் போல்ஷ்விக் அபாயம் வந்துவிட்டதென்று 1927 ஜனவரியில் கூக்குரலிட்டார்கள். உண்மையில் அப்போரில் இருந்தவர்கள் பதவி வேண்டிய லிபரல்களே. லிபரல் சேனை தலைநகரை நெருங்கிய சமயத்தில் ஸ்டிம்ஸன் என்பவர் அமெரிக்க ஜனாதிபதியின் தூதராக வந்து, மே மாதம் 4-ந் தேதி திபிதாபா என்னும் ஊரில் லிபரல் சேனாபதி மொன்காடாவைச் சந்தித்தார். டியாஸ் தம் பதவிக் காலத்தை முடிப்பார்; இரு தரப்பாரும் ஆயுதங்களை ஒப்புவிக்க வேண்டும்; 1928 தேர்தலை அமெரிக்கர் நடத்துவர்; அமெரிக்கர் பயிற்சியில் தேசீயக் காவற்படை ஒன்று அமைக்கப்படும் என்பவையே நிபந்தனைகள். இணங்காவிட்டால் பலாத்காரமாக ஆயுதம் பறிக்கப்படும் என்ற மிரட்டலும் உடனிருந்தது. துப்பாக்கி ஒன்றுக்குப் பத்து டாலர் கூலி! மொன்காடா இணங்கினார், மறு வருஷம் ஜனாதிபதி பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சேனாபதிகளுள் ஸாண்டினோ மாத்திரம் இணங்கவில்லை.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மாதத்திலுங்கூட ஸாண்டினோ முழுத் தீவிரவாதியாகிவிடவில்லை. டியாஸை விலக்கிவிட்டு, தேர்தல் முடியும்வரை அமெரிக்கரே தாற்காலிகமாக ஆட்சியை நடத்தினாலும் ஆயுதங்களைக் கீழே வைக்கத் தயாரென்று அவர் தெரிவித்திருந்தார். அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஜூலை மாதத்தில் தம் தேசத்தாருக்கு ஒரு பிரகடனம் விடுத்து, 16-ந் தேதி ஒகோதால் நகரிலிருந்த அமெரிக்கப் படையைத் தாக்கினார். ஐந்து ஆகாய விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. அவருடன் வந்த குடியானவர்களில் மிகப் பலர் மாண்டனர். அதன் பின் அவர் நகரங்களைத் தாக்குவதை விட்டு, மலைகளிலும் காடுகளிலும் மறைந்திருந்து அடிக்கும் யுத்த முறையைக் கைக்கொண்டார். தேச சுதந்திர ராஜ்ய உரிமையைக் காக்கும் சேனையென்று தம் படைக்குப் பெயரிட்டு, சிவப்பும் கறுப்புமான கொடியை உயர்த்தினார்.

சுமார் 5,000 அமெரிக்கச் சிப்பாய்கள் அவரைத் தேடியும் பிடிக்க முடியவில்லை. காரணம் யாது? வடபகுதிக் குடியானவர்களின் மீது குண்டுகள் விழுந்தன, குடிசைகள் எரிந்தன, 1930-ல் கிராமத்தாரைக் கூட்டங்கூட்டமாக வேறிடங்களுக்கு ஓட்டினார்கள். அத்துடன் காப்பி விலையும் வீழ்ந்து கூலிக்காரர்கள் வேலையிழந்தார்கள். இவ்வாறு போக்கிடமின்றி நின்றவர்கள் ஸாண்டினோவிடம் சென்றார்கள். ஜனாதிபதி எவரென்ற வழக்கிற்காகத் தொடங்கிய சண்டை, நிலம் யாருக்கு, சுரங்கம் யாருக்கு என்ற வழக்காக மாறிற்று. கட்சிச் சண்டையைப் புரட்சியாக்கியது மாஸ்கோவிலிருந்து வந்த உபதேசமன்று, அந்நியர் குண்டுதான். பொதுவுடைமைக் கட்சியார் அவரைத் தம் வழியில் இழுக்க முயன்று தோல்வியடைந்தனர். அவருடைய காரியதரிசியாயிருந்த ஸால்வடோர் தேசத்து பராபுண்டோ மார்த்தி இக்கருத்து வேற்றுமையாலேயே பிரிந்து சென்றார். ஸாண்டினோவின் மனத்தில் தேசபக்தி, தொழிலாளர் உரிமை, ஒருவகை ஆத்மஞான மதம் ஆகிய மூன்றும் கலந்திருந்தன.

அவருடைய சேனை தூய்மையே வடிவானதென்று நாம் சொல்ல மாட்டோம். எதிரிகளுக்குத் துப்புச் சொன்னவர்களென்று சந்தேகிக்கப்பட்டோரை அவருடைய தளகர்த்தர்கள் வெட்டுக் கத்தியால் கொடூரமாகக் கொன்றார்கள். நீண்ட உள்நாட்டு யுத்தம் இரு தரப்பாரையும் மிருகமாக்குகிறது. தேசத்தொண்டு செய்பவர்கள் மனத்திலிருத்த வேண்டிய உண்மை இது.

1933 ஜனவரி ஆரம்பத்தில் அமெரிக்கப் படை வெளியேறிற்று. உடனே ஸாண்டினோ தலைநகருக்கு வந்து, பிப்ரவரி 2-ந் தேதி ஜனாதிபதி ஸகாஸாவுடன் சமாதானம் செய்து கொண்டார். பதவியோ பணமோ கேட்கவில்லை. நூறு ஆட்களை மட்டும் வைத்துக் கொண்டு, கோகோ நதிக்கரையில் குடியானவர்களுக்காக ஒரு கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார். அந்நியன் போனவுடன் ஆயுதத்தை வைத்த ஒருவரைக் கொள்ளைக்காரரென்று சொல்லுவது எவ்வளவு பொருந்தும்?

அமெரிக்கர் போனாலும், அவர்கள் அமைத்த காவற்படை போகவில்லை. அதன் தலைவர் அனஸ்தாஸியோ ஸொமோஸா. 1934 பிப்ரவரி 21-ந் தேதி இரவு ஜனாதிபதியின் மாளிகையில் விருந்துண்டு வெளியே வந்த ஸாண்டினோவையும், எஸ்திராதா, உமன்ஸோர் என்ற இரு தளகர்த்தர்களையும் காவற்படையினர் மறித்துக் கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். சகோதரர் ஸோக்ரதேஸும் அவ்விரவே கொல்லப்பட்டார். உத்தரவிட்ட ஸொமோஸா அந்நேரத்தில் கவிதை வாசிக்கும் சபையொன்றில் அமர்ந்திருந்தாராம்! ஸாண்டினோவின் சடலம் இன்றுவரை கிடைக்கவில்லை. நதிக்கரைப் பண்ணையும் அழிக்கப்பட்டது.

ஸொமோஸா 1936-ல் ஸகாஸாவையும் விரட்டினார். அவரும் அவருக்குப் பின் அவருடைய இரு மைந்தர்களுமாக 1979 வரை நிகராகுவாவைக் குடும்பச் சொத்தாக ஆண்டனர். மிதமான வழிகள் யாவும் அடைக்கப்பட்ட அந்நாட்டில் வாலிபர்கள் எந்த வழியை நாடுவார்கள்? 1960-க்குப் பின் கார்லோஸ் பொன்ஸேகா முதலியோர் ஸாண்டினோவின் பெயரைத் தாங்கிய விடுதலை முன்னணியை அமைத்தனர். அது 1979 ஜூலை 19-ந் தேதி தலைநகரில் புகுந்து வெற்றி பெற்றது. ஸாண்டினோவைக் கொன்று முடித்துவிட்டதாக எண்ணியவர்கள், அவர் உயிரோடிருந்தபோது இருந்ததைவிடத் தீவிரமான ஓர் இயக்கத்திற்கு வித்திட்டார்கள். அமெரிக்க சர்க்கார் அதன் மேலும் பாடம் கற்கவில்லை. 1980-க்குப் பின் எதிர்ப்புரட்சிப் படைகளுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. 1986-ல் சர்வதேச நீதிமன்றம் அதைக் குற்றமென்று தீர்ப்பளித்தது.

இவ்வளவோடு கதையை முடித்தால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். அம்முன்னணியின் தலைவர் டேனியல் ஒர்தேகா 2007-ல் மறுபடி ஜனாதிபதியானபின், அதிகாரத்தைத் தம் குடும்பத்தினிடமே குவித்துக் கொண்டார். 2018-ல் வீதியில் இறங்கிய ஜனங்களை அவருடைய சர்க்கார் அடக்கியபோது 300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பண்ணையில் உழச் சென்றவரின் பெயரைச் சொல்லிக் கொண்டு, அரண்மனையை விடாதவர்கள் ஆள்வதைக் காண்கிறோம்.

இரு கட்சியார் பகைக்கு அந்நியனை மத்தியஸ்தனாக அழைப்பவன் தன் தேசத்தின் சாவியைக் கொடுத்தவனாவான். நியாயமில்லாத சமாதானம் அடுத்த யுத்தத்திற்கு முன்பணமே. அந்நியன் அமைத்துச் சென்ற ஆயுதப் படை அவன் போன பின்பும் அவன் வேலையைச் செய்யும். தீவிர இயக்கங்களைக் கண்டு அஞ்சும் அரசியலாளர்கள், அவற்றை வளர்க்கும் உள்நாட்டுப் பகையையும் அந்நியத் தலையீட்டையும் முதலில் ஒழிக்கட்டும். தீவிர இயக்கத்தை நடத்துவோரோ, வெற்றிக்குப் பின் ஸாண்டினோ எங்கே போனாரென்பதை மறவாதிருக்கட்டும்.