சித்திரக்காரர் ரெம்ப்ராண்ட்

தெய்வத்தை எழுதப் புகும் சித்திரக்காரர் திருமுடியைச் சுற்றிப் பொன்வட்டம் தீட்டுவது நெடுநாளைய வழக்கம். அவ்வட்டத்தைப் பெரும்பாலும் விலக்கி, ஒளி யார்மீது விழுகிறது என்பதைக் கொண்டே தெய்வ சாந்நித்தியத்தை உணர்த்தியவர் ஹாலந்து தேசத்து ரெம்ப்ராண்ட். அவருடைய ஜீவியத்தை நம் வாசகர்கள் அறிவது நலமென்று கருதுகிறோம்.

1606-ம் வருஷம் லெய்டன் நகரில் மாவாலைக்காரர் ஒருவரின் புத்திரராகப் பிறந்த ரெம்ப்ராண்ட், வாலிப வயதிலேயே ஆம்ஸ்டர்டாமில் கீர்த்தியும் செல்வமும் அடைந்தார். அக்காலத்தில் இளவரசர் பிரெடெரிக் ஹென்ட்ரிக்குக்கென எழுதிய சித்திரமொன்றில், சூழ்ந்த இருளின் நடுவே சிலுவையிலுள்ள இயேசுநாதரின் திருமேனி வெண்மையாய்த் துலங்குகிறது. அச்சிலுவையைத் தூக்கி நிறுத்துவோருள் ஒருவராகத் தம்மையே அவர் எழுதிவைத்தார். அக்கிரமத்துக்குப் பிறரை மட்டும் பொறுப்பாளிகளாக்க அவர் மனம் ஒப்பவில்லை போலும்!

1642-ல் மனைவியார் ஸாஸ்கியா காலமானார். அதன்பின் அவருடைய சித்திரங்களில் ஆரவாரம் அடங்கியது. 1645-ல் எழுதிய திருக்குடும்பச் சித்திரத்தில், தச்சராகிய சூசை நிழலில் வேலை செய்துகொண்டிருக்க, தாயின்மீதும் தொட்டிற் குழந்தைமீதும் வெளிச்சம் படிகிறது. மறு வருஷத்துச் சித்திரமொன்றில், கொட்டிலுக்கு வந்த இடையரின் லாந்தர் மங்கித் தோன்ற, வைக்கோல்மீது கிடக்கும் சிசுவிடமிருந்தே பிரகாசம் புறப்படுகிறது.

1656-ல் கடன் மிகுந்து அவர் திவாலானார். வீடும், சேகரித்த அரும்பொருள்களும் ஏலத்தில் போயின. அவ்வருஷத்திலேதான், நம் நாட்டு மொகலாயச் சித்திரமொன்றைப் பார்த்துத் தாம் வரைந்த நகலை ஆதாரமாகக் கொண்டு, ஆபிரகாம் வீட்டு வாயிலில் கடவுளும் தேவதூதர்களும் தரையில் அமர்ந்து விருந்துண்ணும் காட்சியைச் செப்புத் தகட்டில் பொறித்தார். கீழ்நாட்டுக் கலையை இழிவென்று தள்ளாத அக்கண்களை நாம் போற்றுகிறோம்.

உடன் வாழ்ந்த ஹென்ட்ரிக்யே 1663-லும், வளர்ந்து ஆளான ஒரே குமாரர் டைட்டஸ் 1668-லும் மறைந்தனர். அந்திய காலத்தில் அவர் எழுதிய ஊதாரி மைந்தன் சித்திரத்தில், கந்தலுடுத்துத் தேய்ந்த செருப்புடன் மண்டியிட்ட மகனின் முதுகையும், அதைத் தழுவும் கிழத் தந்தையின் முகத்தையும் கரங்களையும் ஒளி நாடிச் சென்று தங்குகிறது. 1669 அக்டோபர் 4-ந் தேதி ரெம்ப்ராண்ட் காலஞ்சென்றார். பெயர் பொறித்த கல்லும் இல்லாத வாடகைக் குழியில் அவரை அடக்கம் செய்தனர்.

செல்வம் குறையக் குறைய அவர் சித்திரங்களில் ஒளி ஆழ்ந்தது. தச்சனின் குடிலையும், இடையரின் கொட்டிலையும், கெட்டுத் திரும்பிய மகனையும் அது தேடி வந்தது. தெய்வத்தை எங்கே காண்பதென்று தர்க்கிப்போர் அச்சித்திரங்களின் முன் சற்று நின்று பார்ப்பார்களாக.